கிறிஸ்துமஸ் நேரத்துக் கொல்கத்தாவை நடந்து பார்ப்பது எப்படி?

கொல்கத்தா என்றதும் துர்கா பூஜைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் முதல் முறையாக அந்த ஊருக்குப் போகிறவர், அதுவும் நிதானமாக நடந்து சுற்ற ஆசைப்படுகிறவர், டிசம்பர் கடைசி வாரத்தில் போவதுதான் நல்லது என்பேன். மழை கிடையாது. பகலில் 25 டிகிரியைச் சுற்றி இருக்கும், விடியற்காலையில் 14, 15க்கு இறங்கும். எவ்வளவு தூரம் நடந்தாலும் சட்டை நனையாது. கிறிஸ்துமஸை அங்கே பொரோதின், அதாவது பெரிய நாள், என்கிறார்கள். கேக் வாங்குவதற்கும் விளக்கு பார்க்கப் போவதற்கும் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்ற எண்ணமே அந்த ஊரில் யாருக்கும் வருவதில்லை.

புதிதாகப் போகிறவர்கள் பெரும்பாலும் 25ஆம் தேதி மாலை, கிறிஸ்துமஸ் விளக்குகளுக்குப் பெயர் பெற்ற பார்க் ஸ்ட்ரீட் தெருவில் நிற்பதையே பயணத்தின் நோக்கமாக வைத்துக்கொள்கிறார்கள். கூட்டத்தில் இரண்டு மணி நேரம் நசுங்கிவிட்டு, ஊரைப் பார்த்துவிட்டோம் என்று திரும்புகிறார்கள். பார்க் ஸ்ட்ரீட்டுக்கு ஒரு மாலை போதும். மீதி நாட்களின் காலைப் பொழுதுகளைப் பழைய தெருக்களுக்குக் கொடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பகுதி என்று வைத்துக்கொண்டால் கால் வலிக்காது, மனதிலும் நிற்கும்.

முதலில் தேதி

டிசம்பர் 21 அல்லது 22இல் போய்ச் சேர்ந்து 27 வாக்கில் கிளம்புவது சரியாக இருக்கும். பார்க் ஸ்ட்ரீட் விழா 25க்குச் சில நாட்கள் முன்பே தொடங்கிவிடும், விளக்குகள் புத்தாண்டு வரை எரியும். ஆகவே 24, 25 மாலைகளில்தான் அங்கே நிற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இரண்டு விஷயங்களைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். விக்டோரியா மெமோரியல் காட்சிக்கூடத்துக்கும் இந்தியன் மியூசியத்துக்கும் திங்கட்கிழமை விடுமுறை. அப்புறம், 25ஆம் தேதியும் ஜனவரி 1ஆம் தேதியும் அலிப்பூர் மிருகக்காட்சிசாலைப் பக்கமே போக வேண்டாம். ஊரில் பாதிப்பேர் குடும்பத்தோடு சாப்பாடு கட்டிக்கொண்டு அங்கேதான் இருப்பார்கள். ஜனவரி 1 கல்பதரு நாள். 1886இல் அதே தேதியில் ராமகிருஷ்ணர் காசிப்பூர் தோட்ட வீட்டில் பக்தர்களுக்கு அருளியதை நினைவுகூர்கிறார்கள். காசிப்பூரிலும் தட்சிணேஸ்வரத்திலும் வரிசை நீண்டுகொண்டே போகும். பக்தியோடு போகிறவர்கள் போகலாம், சும்மா பார்க்கப் போகிறவர்கள் வேறு நாள் போவது நல்லது.

இன்னொன்று, நம்மூர்க்காரர்களுக்கு இது பிடிபடச் சில நாள் ஆகும். கிழக்கே இருக்கிற ஊர் என்பதால் டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். காலை ஒன்பதரைக்கு இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று இருந்தால் பகலில் பாதி போய்விடும். ஆறரைக்கு வெளியே இறங்குங்கள். மதியம் அறையில் படுத்துக்கொள்ளலாம், மாலையில் விளக்குக்காக மறுபடி கிளம்பலாம்.

டிக்கெட்டும் தங்குமிடமும்

ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பு திறக்கும். அந்தக் காலையிலேயே எடுத்துவிடுங்கள், இந்த வாரத்துக்கான டிக்கெட் பிறகு கிடைப்பது கஷ்டம். சென்னையிலிருந்து போகும் மெயில் ஹௌராவுக்குப் போகிறது. கோரமண்டல் எக்ஸ்பிரஸ் இப்போது ஷாலிமாரோடு நின்றுவிடுகிறது, அங்கிருந்து ஊருக்குள் வர டாக்ஸி பிடிக்க வேண்டியிருக்கும். ஹௌராவில் இறங்கினால் ஸ்டேஷனிலிருந்தே மெட்ரோ உண்டு. 2024 மார்ச்சில் திறந்த இந்தப் பாதை ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் போகிறது. ஆற்றைக் கடக்க முக்கால் நிமிடம்தான் ஆகும், குழந்தைகளிடம் முன்பே சொல்லி வையுங்கள். எஸ்பிளனேடில் இறங்கினால் ஊரின் நடுவில் இருப்பீர்கள்.

தங்குவதற்கு எஸ்பிளனேட், பார்க் ஸ்ட்ரீட் மெட்ரோ நிலையங்களைச் சுற்றி நடக்கும் தூரத்தில் இடம் பாருங்கள். குறைந்த செலவில் தங்க இந்தியன் மியூசியத்தை ஒட்டிய சடர் ஸ்ட்ரீட் பல காலமாகப் பெயர் பெற்றது. அங்கே அறையை நேரில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுவது நல்லது. ஊருக்கு வெளியே நியூ டவுனில் மலிவாகக் கிடைக்கிறதே என்று போய்விடாதீர்கள். அறைக்குத் திரும்பி ஓய்வெடுத்துவிட்டு மாலையில் மறுபடி நடக்கும் சுகம் அங்கிருந்து கிடைக்காது.

பையில் என்ன இருக்க வேண்டும்

மூடிய ஷூ. நடைபாதைகள் பல இடங்களில் உடைந்திருக்கும், மீதியைக் கடைக்காரர்கள் பிடித்திருப்பார்கள். காலைக்கும் இரவுக்கும் ஒரு மெல்லிய ஸ்வெட்டர் போதும். குளிர்காலத்தில் காற்று சுத்தமாக இருக்காது. தூசியும் புகையும் தாழ்வாகத் தேங்கி நிற்கும், ஆஸ்துமா உள்ளவர்கள் மாஸ்க்கையும் மருந்தையும் மறக்கக் கூடாது. ஜிபே பெரும்பாலும் வேலை செய்கிறது. படகுக்கும் டிராமுக்கும் தெருக்கடை டீக்கும் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்களைத் தாதா என்றும் பெண்களைத் தீதி என்றும் கூப்பிட்டு வழி கேட்கலாம். மீதி இந்தியிலோ ஆங்கிலத்திலோ ஓடிவிடும்.

முதல் காலை: ஆற்றங்கரையும் பழைய டல்ஹௌசியும்

ஏழு மணிக்குள் ஹௌரா பாலத்தின் கிழக்கு முனையில், கீழே இருக்கிற மல்லிக் காட் பூச்சந்தைக்குப் போய்விடுங்கள். மலைப்பாம்பு மாதிரி தடிமனாகச் சுருட்டிய சாமந்தி மாலைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்கள் ஓடிவருவார்கள். அவர்கள் நிற்க மாட்டார்கள், நாம்தான் ஒதுங்க வேண்டும். ஓரமாக நின்று பாருங்கள், சுமை தூக்குகிறவரின் வழியை மறித்துப் படம் எடுக்காதீர்கள். 1943இல் திறந்த அந்தப் பாலத்தை அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால்தான் அதன் பருமன் தெரியும்.

பிறகு ஆற்றை ஒட்டித் தெற்கே நடந்து, பி.பி.டி. பாக் என்கிற பழைய டல்ஹௌசி சதுக்கத்துக்கு வாருங்கள். மெட்ரோவில் வருகிறவர்களுக்கு மகாகரண் நிலையம். நடுவில் லால்திகி குளம், வடக்கே சிவப்பு நிற ரைட்டர்ஸ் பில்டிங், மேற்கே வெள்ளைக் குவிமாடத்தோடு ஜி.பி.ஓ. 1911இல் தலைநகரை டெல்லிக்கு மாற்றும் அறிவிப்பு வரும் வரை இந்தியாவின் நிர்வாகம் இந்தச் சில தெருக்களில்தான் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை வந்தால் அலுவலகங்கள் மூடியிருக்கும், சாலையின் நடுவில் நின்றுகூடக் கட்டடங்களைப் பார்க்கலாம். வேலை நாளில் வந்தால் இன்னொரு லாபம்: எஸ்பிளனேட் பக்கத்தில் டேக்கர்ஸ் லேன் என்ற சந்தில் அலுவலகக்காரர்களுக்காக நடக்கும் சாப்பாட்டுக் கடைகள் திறந்திருக்கும். ரொட்டியும் தண்ணியான காய்கறி ஸ்டூவும் கேளுங்கள், குளிர் காலைக்கு இதமாக இருக்கும்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் செயின்ட் ஜான்ஸ் சர்ச் இருக்கிறது. 1787இல் கட்டி முடித்தது. தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் இதைத் தவறவே விடக் கூடாது. வளாகத்தின் ஓரத்தில் எண்கோண வடிவில் ஒரு சின்ன மண்டபம் இருக்கும். உள்ளே ஜாப் சார்னாக்கின் கல்லறை. நகரத்தை நிறுவியவர் என்று நெடுங்காலம் பாடப்புத்தகங்கள் சொன்னது இவரைத்தான். 2003இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் அதை ஏற்க மறுத்துவிட்டது. நான் போகச் சொல்வது அவருக்காக அல்ல, அவர் பெயர் பொறித்த கல்லுக்காக. அந்தக் கரிய கற்பலகை நம் பல்லாவரம், பரங்கிமலைப் பகுதிப் பாறை. புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1890களில் அந்த வகைப் பாறையை ஆராய்ந்தபோது, இந்தக் கல்லறையை வைத்தே அதற்கு சார்னோக்கைட் என்று பெயரிட்டார். இன்று உலகமெங்கும் புவியியல் படிக்கிறவர்களுக்குத் தெரிந்த பெயர் அது. பல்லாவரத்து மலையைத் தினமும் மின்சார ரயிலில் கடந்து போனவர்கள் அந்தக் கல்லை இங்கே தொட்டுப் பார்க்கலாம். குனிந்து பக்கவாட்டில் பாருங்கள், நீலம் கலந்த அந்தக் கருமை தெரியும்.

ஆராதனை நடந்துகொண்டிருந்தால் வெளியே தோட்டத்தில் காத்திருந்து, முடிந்த பிறகு சர்ச்சுக்குள் போங்கள். ஜோஹன் ஜொஃபனி வரைந்த கடைசி இரா உணவு ஓவியம் உள்ளே இருக்கிறது.

இரண்டாம் காலை: நியூ மார்க்கெட்டும் கேக்கும்

1874இல் திறந்த நியூ மார்க்கெட் எஸ்பிளனேடிலிருந்து ஐந்து நிமிட நடை. இந்த வாரத்தில் மார்க்கெட்டின் ஒரு பகுதி முழுக்கவே வெண்ணெய் வாசனைதான். எல்லோரும் தேடிப் போவது நாஹூம்ஸ் கடையை. பாக்தாத்திலிருந்து வந்த யூதக் குடும்பம் 1902இல் தொடங்கியது. ஒரு காலத்தில் கொல்கத்தாவில் யூதர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். இப்போது விரல் விட்டு எண்ணிவிடலாம். யூதர் பேக்கரியில் கிறிஸ்துமஸ் கேக் வாங்க இந்துக்களும் முஸ்லிம்களும் நிற்கிற வரிசை அது. நான் அந்த ஊரை நேசிப்பதற்கு அந்த வரிசையும் ஒரு காரணம்.

வரிசையில் நிற்க ஒரு வழிமுறை உண்டு. கடை திறக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்பே போய்விடுங்கள். 23, 24 தேதிகளில் வரிசை மார்க்கெட் சந்துகளுக்குள் வளைந்து போகும், அந்த நாட்களை விட்டுவிட்டு 22க்குள் வாங்கிவிடுவது நல்லது. ப்ளம் கேக்கும் ரிச் ஃப்ரூட் கேக்கும் வேறுவேறு. இரண்டாவதில் பழமும் முந்திரியும் அதிகம், நாள்பட இருக்கும். அளவு எவ்வளவு என்பதை முன்பே முடிவு செய்துகொண்டு கவுண்டருக்குப் போங்கள். அங்கே போய் யோசித்தால் பின்னாலிருந்து சத்தம் வரும். இங்கே கூட்டம் தாங்கவில்லை என்றால் சல்டானா பேக்கரிக்குப் போகலாம். கோவாக்காரக் குடும்பத்தின் கடை, வேறொரு தெருவில் வீட்டோடு சேர்ந்து இருக்கிறது. கேக் மட்டும்தான் வேண்டும் என்றால் நான் அங்கேதான் அனுப்புவேன்.

மார்க்கெட்டுக்குள் உங்களைத் தொடர்ந்து வந்து கடைகளுக்கு அழைத்துப் போகிறேன் என்பவர்கள் இருப்பார்கள். வேண்டாம் என்று ஒரே முறை சொல்லிவிட்டு நடங்கள். பசித்தால் பக்கத்திலேயே நிஜாம்ஸ். காத்தி ரோல் பிறந்த இடம் என்று ஊர் சொல்லும் கடை.

பார்க் ஸ்ட்ரீட் மாலை

21, 22, 23 இவற்றில் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். நாலரை மணிக்கு பார்க் ஸ்ட்ரீட் மெட்ரோவில் இறங்கினால் வெளிச்சம் இருக்கும்போதே தெருவைப் பார்த்துவிட்டு, விளக்கு எரிய ஆரம்பிப்பதையும் பார்க்கலாம். தெருவின் தொடக்கத்தில் ஏசியாட்டிக் சொசைட்டி இருக்கிறது. வில்லியம் ஜோன்ஸ் 1784இல் தொடங்கியது. தெருவின் மறுகோடியில் அதே ஜோன்ஸின் கல்லறை இருக்கிற சவுத் பார்க் ஸ்ட்ரீட் இடுகாடு. கூம்பும் குவிமாடமுமாக உயர்ந்து நிற்கும் அந்தக் கல்லறைகளைப் பகலில் தனியாக ஒரு நேரம் போய்ப் பாருங்கள், மாலையில் மூடிவிடுவார்கள்.

விளக்குகளைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் சந்தன்நகர் கலைஞர்கள். ஹூக்ளிக் கரையில் கொஞ்சம் வடக்கே இருக்கிற அந்த ஊர் ஒரு காலத்தில் நம் புதுச்சேரியோடு சேர்ந்து பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. விளக்கு அலங்காரம் அங்கே குடும்பத் தொழில். தோரணங்களை ஓடும் உருவங்களாக அமைப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை.

ஆலன் பார்க்கில் மேடை போட்டுப் பாட்டு நடக்கும். பக்கத்திலேயே 1927இல் தொடங்கிய ஃப்ளூரிஸ், ட்ரிங்காஸ், பீட்டர் கேட், மொகாம்போ. இந்த வாரத்தில் இரவுச் சாப்பாட்டுக்கு இங்கே இடம் கிடைப்பது அதிர்ஷ்டம்தான். மாறாக, வேலை நாளில் மதியம் பன்னிரண்டு மணிக்குப் போனால் உட்கார இடம் கிடைக்கும். ட்ரிங்காஸில்தான் உஷா உதுப், அன்றைக்கு உஷா ஐயர், 1960களின் இறுதியில் காஞ்சிபுரம் பட்டுப்புடவையும் பெரிய பொட்டுமாக மைக் முன் நின்று பாடினார். சென்னை மவுன்ட் ரோட்டில் பாடத் தொடங்கிய தமிழ்ப் பெண். கொல்கத்தா அவரைத் தன் வீட்டுப் பெண்ணாகவே எடுத்துக்கொண்டது.

வேறு வழியில்லாமல் 24 அல்லது 25 மாலைதான் போக முடியும் என்றால், ஐந்து மணிக்குள் நுழைந்து ஏழுக்குள் வெளியே வந்துவிடுங்கள். வண்டிகளை நிறுத்திவிட்டுத் தெருவை நடப்பவர்களுக்கு விடுவார்கள். ஆனாலும் போலீஸ் காட்டும் திசையில்தான் போக முடியும். போனை முன்பையில் வையுங்கள். குழந்தையின் சட்டைப்பையில் உங்கள் எண்ணை எழுதி வையுங்கள். பெண்கள் தனியாகப் போவதென்றால் கூட்டம் நெருக்குவதற்கு முன்பே வெளியே வந்துவிடுவது நிம்மதி.

24ஆம் தேதிக்கு மூன்று வழிகள்

பிற்பகல் மூன்று மணி வாக்கில் செயின்ட் பால்ஸ் கதீட்ரலுக்குப் போங்கள். 1847இல் அர்ப்பணித்த சர்ச் இது. 1934 பூகம்பத்தில் விழுந்த கோபுரத்தை இங்கிலாந்தின் கேன்டர்பரி கோபுரத்தைப் பார்த்து மறுபடி கட்டினார்கள். மேற்குப் பக்கத்து வண்ணக் கண்ணாடி ஜன்னல் எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ் வடிவமைத்தது. அந்தமானில் கொல்லப்பட்ட வைஸ்ராய் மேயோவின் நினைவாக வைத்தார்கள். குளிர்காலச் சூரியன் தாழ்வாக இருப்பதால், பிற்பகலில் அந்த ஜன்னல் எரிகிற மாதிரி இருக்கும். காலையில் பார்த்தால் அது வெறும் கண்ணாடி. நள்ளிரவு ஆராதனைக்கான ஏற்பாட்டில் அன்று நுழைவைக் கட்டுப்படுத்தினால், முந்தின நாள் இதே நேரத்துக்குப் போய்விடுங்கள்.

மாலைக்கு ‘போ பேரக்ஸ்’ (Bow Barracks) என்ற பழைய குடியிருப்பு. சென்ட்ரல் மெட்ரோவிலிருந்து நடந்துவிடலாம். முதல் உலகப் போர்க் காலத்தில் சிப்பாய்களுக்காகக் கட்டிய சிவப்புச் செங்கல் குடியிருப்புகள், பச்சை ஜன்னல்கள், நடுவில் ஒரே ஒரு தெரு. ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கிற இடம். நட்சத்திர விளக்கு, தெருவிலேயே பாட்டும் ஆட்டமும், சில வீட்டு வாசல்களில் கேக்கும் வீட்டு ஒயினும் விற்பனைக்கு. ஒன்றை மறக்க வேண்டாம், அது அவர்கள் வீட்டு வாசல். ஜன்னலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள். ஏதாவது வாங்குங்கள், மெர்ரி கிறிஸ்துமஸ் சொல்லுங்கள், நகருங்கள்.

கூட்டமே வேண்டாம் என்பவர்களுக்கு, ராமகிருஷ்ணரின் சீடர்கள் நிறுவிய பேலூர் மடம். 1886 டிசம்பர் 24 இரவு, ஆன்ட்பூர் என்ற கிராமத்தில் தீ மூட்டி உட்கார்ந்து, விவேகானந்தரும் உடனிருந்தவர்களும் துறவறத்துக்கு உறுதி எடுத்தார்கள். அது கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு என்பது பிறகுதான் அவர்களுக்கு உறைத்தது. அதன் நினைவாக அந்த மடத்தில் இந்த மாலை ஏசுவுக்குரியது. படம் வைத்து, மலரும் கேக்கும் படைத்து, பாடுவார்கள். ஆறு வருடம் கழித்து, 1892இல் இதே டிசம்பர் நாட்களில்தான் விவேகானந்தர் நம் கன்னியாகுமரிப் பாறையில் அமர்ந்தார்.

25 காலை? ஊர் நடுவில் இருக்கிற பெரிய மைதானத்துக்குப் போங்கள். புல்வெளி, பனிமூட்டம், கிரிக்கெட் ஆடும் பையன்கள், குதிரைகள். டிராம் கண்ணில் பட்டால் எங்கே போகிறது என்று கேட்காமல் ஏறிவிடுங்கள். 1873இல் தொடங்கிய சேவையில் இப்போது மிஞ்சியிருக்கும் தடங்கள் மிகக் குறைவு.

சாப்பாட்டில் இதை மட்டும் விட வேண்டாம்

டிசம்பரில் கொல்கத்தா போய் நொலேன் குர் சாப்பிடாமல் வந்தால் போனதில் பாதிதான் கணக்கு. ஈச்ச மரத்தைச் சீவி இரவெல்லாம் பானையில் சொட்டவிட்ட பதநீரை, வெயில் ஏறுவதற்கு முன் இறக்கிக் காய்ச்சும் வெல்லம் அது. நம் கருப்பட்டியைவிட மென்மையானது, லேசான புகை வாசனை உண்டு. குளிர் போனால் இதுவும் போய்விடும். இந்த வெல்லத்தில் செய்த சந்தேஷ் என்ற பால் இனிப்பு எந்தத் தெருவிலும் கிடைக்கும். ஜொல்பொரா சந்தேஷ் என்று கேட்டு வாங்குங்கள். உள்ளே பாகு ஒளிந்திருக்கும். பாதியில் கடித்தால் சட்டையில் வழியும், ஓரத்தில் சின்னதாகக் கடித்து உறிஞ்சிவிட்டு மீதியைச் சாப்பிட வேண்டும்.

காலைக்குப் பச்சைப் பட்டாணி வைத்த கச்சோரியும் ஆலூர் தொம் என்ற உருளைக்கிழங்கு மசாலாவும். அதிகாலையில் எழுகிறவர்கள் ஞாயிறன்று டிரெட்டா பஜாரில் சீனர்கள் போடும் கடைகளுக்குப் போகலாம், எட்டரைக்கெல்லாம் காலியாகிவிடும். நம்மூர்ச் சாப்பாடு ஏங்க வைத்தால் காளிகாட் மெட்ரோவில் இறங்கி லேக் மார்க்கெட். வாழையிலை, காபிப் பொடி, மல்லிகைப் பூ, தமிழ்ப் பேச்சு எல்லாம் அங்கே கிடைக்கும்.

ஜனவரி முதல் வாரம் வரை இருக்கிறவர்களுக்கு ஒரு தகவல். ஆர்மீனியர்களின் கிறிஸ்துமஸ் ஜனவரி 6. சென்னை பாரிமுனையில் ஆர்மீனியன் தெருவில் இருக்கிற சர்ச்சைப் பார்த்தவர்கள், படாபஜார் நெரிசலுக்குள் ஒளிந்திருக்கும் இங்கேயுள்ள ஆர்மீனிய சர்ச்சையும் பார்க்க வேண்டும். 1724இல் கட்டியது, கொல்கத்தாவின் மிகப் பழைய சர்ச் இதுதான்.

ஊருக்குக் கொண்டுவர வெல்லத்தைத் திரவமாக வாங்காதீர்கள், ரயிலில் கசிந்துவிடும். பாட்டாலி என்று கட்டியாக விற்பதை வாங்குங்கள். கேக் ஒரு வாரம் தாங்கும். ஜொய்நகர் மோவா என்ற பொரி உருண்டை தாங்காது. அதைக் கிளம்புகிற நாளில் வாங்கி, வீட்டுக்கு வந்ததும் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.